வானத்துக்கு வைத்த லேசர் கூடாரத்துக்குள் இறங்கிய இரவு: கிர்ஷாச், 2008

2008 ஜூலை 5-ஆம் தேதி இரவு, மாஸ்கோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி, விளாதிமிர் மாகாணத்தில் இருக்கிற கிர்ஷாச் என்ற ஊரில் ஒரு திறந்தவெளி இசைவிழா நடந்தது. பெயர் 'அக்வாமரீன் ஓபன் ஏர்'. விடிய விடிய எலக்ட்ரானிக் இசை, ஆட்டம், தலைக்கு மேலே வானத்தில் லேசர் கதிர்கள் என்பதுதான் திட்டம். ஆனால் மழை கொட்டியது. ஆடுகிற இடத்துக்கு மேல் பெரிய கூடாரங்களை எழுப்பினார்கள், கூட்டம் அதற்குள் ஒதுங்கியது, லேசர் ஷோவும் அந்தக் கூரைக்குக் கீழேயே நடந்தது. அப்புறம் சில நாட்கள் கழித்து, பார்வையில் ஏதோ மறைக்கிறது என்று சொல்லிக்கொண்டு இளைஞர்கள் மாஸ்கோ மருத்துவமனைகளுக்கு வர ஆரம்பித்தார்கள்.

கொம்மெர்சாந்த் நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்தபோது எண்ணிக்கை 30-ஐ நெருங்கியிருந்தது. ஒரு கண் மருத்துவமனையில் 12 பேர், 32-ஆம் எண் நகர மருத்துவமனையில் இன்னொரு 17 பேர். எல்லோருக்கும் விழித்திரையில் காயம், தழும்பு. சிலருக்கு 80 சதவீதம் வரை பார்வை போய்விட்டது, அது திரும்பாது என்று சிகிச்சை அளித்த மருத்துவர் ஒருவர் அந்தப் பத்திரிகையிடம் சொல்லியிருந்தார். பாட்டுக் கேட்க, ஆடப் போனவர்கள் இவர்கள். இவர்களில் யாரும் லேசரைக் கையில் எடுத்து விளையாடவில்லை, எந்த எச்சரிக்கைப் பலகையையும் தாண்டிப் போகவில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார்கள். அதனால்தான் இதை வெறும் துரதிருஷ்டம் என்று என்னால் கடந்து போக முடியவில்லை.

அன்றிரவே ஏன் யாரும் ஷோவை நிறுத்தவில்லை என்று பலர் கேட்கிறார்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. கையில் நெருப்பு பட்டால் சட்டென்று இழுத்துக்கொள்கிறோம், கண்ணுக்கு உள்ளே அந்த மாதிரி எதுவும் கிடையாது. சூரியனைப் பார்த்த பிறகு தெரிகிற மாதிரி ஒரு புள்ளி கண்ணுக்குள் நிற்கும், அவ்வளவுதான். பளீர் பளீரென்று விளக்கு மின்னும் இடத்தில் எல்லோருக்குமே அப்படிப் புள்ளிகள் தெரியும், கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று நினைப்பார்கள். போதாததற்கு, ஒரு கண்ணில் ஓட்டை விழுந்தால் இன்னொரு கண் அதை ஈடுகட்டிவிடும், மூளையும் விட்டுப்போன இடத்தை நிரப்பிக் காட்டும். மறுநாளோ அதற்கு மறுநாளோ எதையாவது படிக்கப் போகும்போதுதான், பார்க்கிற எழுத்து மட்டும் இல்லை, சுற்றியுள்ளதெல்லாம் இருக்கிறது என்று தெரியவரும். கண்ணின் மையப் பார்வைக்கான மாகுலா என்ற இடம் சில மில்லிமீட்டர் அகலம்தான். படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. நேராக ஒரு பிரகாசமான ஒளியைப் பார்த்தால் அது போய் விழுவதும் அங்கேதான்.

சரி, கூடாரத்துக்குள் என்ன மாறியது?

லேசர் கதிர் தூரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். கிளம்பும்போது விட்டம் அரை சென்டிமீட்டர், விரிவு ஒரு மில்லிரேடியன் (மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்) என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தள்ளி அதன் விட்டம் சுமார் 10 சென்டிமீட்டர். 20 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர்தான். கணக்குக்காக ஒரு 10 வாட் லேசரை எடுத்துக்கொள்வோம் (கிர்ஷாச்சில் இருந்த கருவியின் அளவு என்று இதைச் சொல்லவில்லை, திறந்தவெளி ஷோக்களில் இது சாதாரணமான அளவு). 20 மீட்டரில் அந்த 10 வாட்டும் 5 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கி நிற்கிறது, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2 வாட். கண்ணுக்குத் தெரிகிற தொடர் ஒளிக்கு, கண் கூசி இமை மூட ஆகிற கால் விநாடிக்குள், கண் தாங்கக்கூடியதாகத் தரநிலைகள் வைத்திருக்கும் வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மில்லிவாட். எண்ணூறு மடங்கு வித்தியாசம். இதே கதிர் அந்த வரம்புக்குள் வர வேண்டுமென்றால் 700 மீட்டருக்கு மேல் போக வேண்டும். வானத்தைப் பார்த்து விட்டால் அந்த 700 மீட்டரும் வெறும் காற்று. கூடாரத்துக்குள் எங்கே போவது?

மழையில் ஒதுங்க இடம் தேடி வந்த கூட்டமும் வானத்துக்காக வைத்த கருவியும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. கதிர் மேலே போக வழியில்லை. ஷோ இருக்க வேண்டும் என்றால் கதிரைக் கீழே இறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அங்கேதான் தலைகள் இருந்தன.

கூடாரத் துணியில் பட்டு ஒளி திரும்பி கண்ணில் விழுந்தது என்று அப்போது சில செய்திகள் எழுதின. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துணியில் பட்ட ஒளி நாலாபுறமும் சிதறிப் போகும். நனைந்து வழவழப்பாக இருக்கும் பரப்பு ஒரு சிறு பங்கைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும் என்பது உண்மைதான், ஆனால் கூரைத் துணி மேடு பள்ளமாக ஆடிக்கொண்டிருக்கிற பரப்பு, அந்தப் பங்கும் விரிந்து பரவிவிடும். ஏறக்குறைய முப்பது பேருக்கு விழித்திரையில் தழும்பு விழுகிற அளவுக்குச் சேதம் என்றால் நேர்க்கதிர் முகத்தில் விழுந்திருக்கிறது என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. லேசர் வாடகைக்கு விடும் தொழிலில் இருந்த ஒருவரும் பத்திரிகையிடம் கிட்டத்தட்ட இதையே சொன்னார்: மழை ஒரு பக்கம் இருக்கட்டும், அவ்வளவு சிறிய இடத்துக்கு அவ்வளவு பெரிய லேசரை யாரோ வைத்துவிட்டார்கள் என்று.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இந்தச் சம்பவத்தில் அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். உலகம் முழுக்க நைட் கிளப்புகளில், கச்சேரிகளில், கூட்டத்தின் மீதே லேசர் கதிரை வீசுகிற வழக்கம் பல வருடங்களாக இருக்கிறது. ஆடியன்ஸ் ஸ்கேனிங் என்பார்கள். அங்கே எல்லாம் இப்படிக் கூட்டம் கூட்டமாகப் பார்வை போனதாகக் கேள்விப்படுவதில்லை. கிர்ஷாச்சில் மட்டும் ஏன்? லேசர் ஷோ துறைக்குள் இது குறித்து நடந்த அலசல்கள் துடிப்பு வகை லேசரை நோக்கியே விரல் நீட்டின.

தொடர் லேசர் என்பது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, ஒளி நிற்காமல் வரும். துடிப்பு லேசர் அதே ஆற்றலைச் சேர்த்து வைத்துச் சேர்த்து வைத்து, விநாடிக்குச் சில ஆயிரம் தடவை படார் படாரென்று விடும். இரும்பு வெட்ட, பெயர் பொறிக்க என்று தொழிற்சாலைகளில் பயன்படுகிற யாக் லேசர்களில் பல இந்த வகைதான். அகச்சிவப்பில் 1064 நானோமீட்டரில் பிறக்கும் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே விடுவார்கள். அந்தக் காலத்தில் அதிக வாட் பச்சை ஒளி குறைந்த செலவில் வேண்டும் என்றால் இதுதான் கைக்கு எட்டியது. வானத்தில் விட்டால் இதற்கும் தொடர் லேசருக்கும் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுமே பச்சைக் கம்பம் மாதிரி நிற்கும். வேகமாக வீசும்போது சுவரில் விழுகிற கோட்டை உற்றுப் பார்த்தால் தெரியும்: தொடர் லேசரின் கோடு முழுசாக இருக்கும், துடிப்பு லேசரின் கோடு புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும்.

அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு துடிப்பு. நமது கணக்கில் அதே 10 வாட், விநாடிக்குப் பத்தாயிரம் துடிப்பு என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிஜூல். அது வெளியே வந்து முடிய ஆகிற நேரம் 100 நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு. கூட்டத்தின் மீது விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கதிரை வீசினாலும் அந்த நேரத்துக்குள் அது நகர்கிற தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தொடர் லேசரை வீசும்போது வேகம் கண்ணைக் காப்பாற்றுகிறது, கதிர் கண்மணியைக் கடந்து போகிற சொற்ப நேரத்துக்கு மட்டுமே ஒளி உள்ளே போகும், எவ்வளவு வேகமாக வீசுகிறோமோ அவ்வளவு குறைவு. துடிப்பு லேசரிடம் இந்தப் பேச்சு எடுபடாது. அதற்கு எல்லோரும் அசையாமல் நிற்கிற மாதிரிதான். ஒரு துடிப்பு கண்ணில் விழுந்தால் முழுதாக விழும். கண் கூசி இமை மூடுவதற்குள் இன்னும் எத்தனையோ துடிப்புகள் வந்து போயிருக்கும்.

20 மீட்டரில் ஒரு துடிப்பு சதுர சென்டிமீட்டருக்கு 200 மைக்ரோஜூல் கொண்டுவரும். அவ்வளவு குறுகிய துடிப்புக்கு அப்போது இருந்த வரம்பு அரை மைக்ரோஜூல். நானூறு மடங்கு, அதுவும் ஒரே ஒரு துடிப்பில். 2013-இல் சர்வதேச அயனியாக்கா கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அந்த வரம்பை 0.2 மைக்ரோஜூலாக இன்னும் இறக்கிவிட்டது. அப்புறம் கண்ணின் லென்ஸ் வேறு இருக்கிறது, கண்மணிக்குள் நுழைந்த ஒளியை அது ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு செறிவாக்கி விழித்திரையில் குவிக்கும். தொடர் லேசர் திசுவைச் சூடாக்கி வேகவைக்கும். துடிப்பு லேசரோ சூடு பரவுவதற்கு முன்பே அந்தப் புள்ளியை வெடிக்கச் செய்யும், ரத்தம் கசியும், அது ஆறும்போது தழும்பாகும். சர்வதேச லேசர் டிஸ்ப்ளே சங்கமான இல்டா, கூட்டத்தின் மீது வீசத் துடிப்பு லேசர் கூடவே கூடாது என்று சொல்வது இதனால்தான். இதில் குறைத்துக்கொள்ளலாம், கவனமாகச் செய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

லேசர் வாடகைக்கு விடும் அந்த நபர் சொன்ன இன்னொரு வார்த்தை, டெக்னீஷியன்களின் அறியாமை. பாதி உண்மை. கருவியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் துடிப்பு வகையா தொடர் வகையா, துடிப்பின் நீளம் எவ்வளவு, எந்த அபாய வகுப்பு என்பதெல்லாம் போட்டிருக்க வேண்டும் என்பது தரநிலையிலேயே இருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் கையில் 500 மில்லிவாட்டைத் தாண்டிய, அபாயம் மிக அதிகமான வகுப்பு 4 லேசரைக் கொடுக்கக் கூடாது. ஆனால் கொட்டும் மழையில், ஆயிரக்கணக்கில் கூட்டம் காத்திருக்கும்போது, லேசர் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது? அந்த அதிகாரத்தை ஒருவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். விழா நடத்துபவர் காசு கொடுத்திருக்கிறார், ஷோ கேட்கிறார், கருவியை இயக்குபவர் கூலிக்கு வந்தவர். இந்த நிலைமையில் அவர் தனியாக நின்று மாட்டேன் என்று சொல்லுவார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. எந்த ஊர் விழாவாக இருந்தாலும் இதே அழுத்தம்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முரட்டுத்தனமான, ஆனால் நல்ல விதி இருக்கிறது. பார்வையாளர் நிற்கக்கூடிய எந்தத் தரையிலிருந்தும் 3 மீட்டர் உயரத்துக்குக் கீழே கதிர் வரக்கூடாது, பக்கவாட்டில் இரண்டரை மீட்டர் இடைவெளி வேண்டும். இயக்குபவர் பக்கத்திலேயே இல்லாத ஷோ என்றால் உயரம் 6 மீட்டர். இதைவிட நெருங்க வேண்டும் என்றால் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.விடம் தனியாக அனுமதி வாங்கி, கண்ணில் விழக்கூடிய அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, விதி கருவியைப் பற்றிப் பேசாமல் இடத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிடலாம். கூடாரம் எழுந்த உடனேயே யாராவது இதை அளந்து பார்த்திருந்தால் அந்த ஷோ அங்கேயே முடிந்திருக்கும்.

ஐரோப்பாவில் கூட்டத்தின் மீது வீசுவதற்கு முழுத் தடை இல்லை, கணக்குப் போட்டு, அளந்து, எழுதி வைத்துச் செய்யச் சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2019 ஜூனில் வந்த விதிப்படி இன்னும் இறுக்கம், லேசர் ஷோ நடத்துபவர் அதற்கான பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும், ஷோவை முன்கூட்டியே அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இந்த வழியில் போவதென்றால் சில விஷயங்கள் இல்லாமல் முடியவே முடியாது. கூட்டத்தை நோக்கிப் போகும் கதிரை விரித்துவிடும் லென்ஸ். கதிரை ஆட்டி வீசுகிற ஸ்கேனர் கண்ணாடி நின்றுபோனால் மில்லி விநாடிகளில் ஒளியை வெட்டிவிடும் பாதுகாப்புச் சுற்று, ஏனென்றால் நகராத கதிர் ஒரே முகத்தில் போய் நிற்கும். விரிக்காத கதிர் தலை மட்டத்துக்கு இறங்காமல் லேசர் முன்னால் திருகி வைத்த இரும்புத் தகடு. சாஃப்ட்வேரில் போட்ட எல்லைக்கோடு ஹேங் ஆகும், தகடு ஹேங் ஆகாது. கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்பு நிற எமர்ஜென்சி ஸ்டாப், அதை அமுக்கிய பிறகு சாவி போட்டால் ஒழிய மறுபடி ஒளி வரக்கூடாது. இயக்குபவர் லேப்டாப் திரையில் கண் வைத்திருப்பார் என்பதால், கூட்டத்தையே பார்த்துக்கொண்டு ஸ்டாப் மேல் கை வைத்திருக்க இன்னொரு ஆள்.

வானத்தை நோக்கி விட்டால் பிரச்சினை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம், அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள். 1995-இல் லாஸ் வேகாஸிலிருந்து கிளம்பிய ஒரு பயணிகள் விமானத்தில் துணை விமானியின் கண்ணில் கீழேயிருந்து வந்த லேசர் பட்டு, அவர் சில நேரம் கருவிகளைப் பார்க்க முடியாமல் தலைமை விமானி ஓட்ட வேண்டியதாயிற்று. அந்த வருடக் கடைசியிலேயே அந்த நகரில் திறந்தவெளி லேசர்களை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓடுபாதையைச் சுற்றி வட்டங்கள் போட்டு வைத்திருக்கிறது. ஓடுபாதையை ஒட்டிய வட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 50 நானோவாட்டுக்கு மேல் கூடாது, அதற்கு வெளியே பத்து கடல் மைல் வரை 5 மைக்ரோவாட். கண்ணுக்குக் காயம் ஆகிற அளவை விட இவை பல நூறு மடங்கு, பல ஆயிரம் மடங்கு குறைவு. இருட்டில் தரையிறங்கும் விமானிக்குக் கண் கூசினாலே போதும், காயம் ஆக வேண்டியதில்லை.

நாம் இதை ரஷ்யக் கதையாக நினைத்து மறந்துவிட முடியாது. மகாராஷ்டிராவில் விநாயகர் ஊர்வலங்களுக்குப் பிறகு விழித்திரையில் ரத்தக் கசிவோடு இளைஞர்கள் கண் மருத்துவர்களிடம் போயிருக்கிறார்கள், புனே போலீஸ் ஊர்வலங்களில் லேசர் பீம்களுக்குத் தடையே போட்டார்கள். லாரி மேல் கட்டிய டி.ஜே. செட்டோடு லேசரும் வருகிறது, லாரி நகர்கிறது, தெரு குறுகலாக இருக்கிறது, மாடியில் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். லேசர் நிற்கிற இடமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது எந்த உயரக் கணக்கும் செல்லாது. ஓடுகிற வண்டியில் வகுப்பு 4 லேசரைக் கட்டுவதை எந்த நிபந்தனையோடும் அனுமதிக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கிர்ஷாச்சுக்குத் திரும்பினால், அன்றிரவு செய்ய வேண்டியது சிக்கலானதே இல்லை. ஷோ பிளான் என்று ஒரு காகிதம் இருக்கும், லேசர் எங்கே, கதிர் எங்கே முடிகிறது, கூட்டம் எங்கே என்று வரைந்தது. கூடாரம் வந்ததும் அந்தக் காகிதம் செல்லாக் காசு. புதிதாகக் கணக்குப் போட்டு, கூட்டம் வருமுன் அளந்து பார்க்க நேரம் இருந்தால் போடலாம், இல்லையென்றால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எல்.இ.டி. விளக்கும் புகை மெஷினும் இருந்தாலே ஒரு கூடாரத்தை நிறைத்துவிடலாம், யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. விழா ஒப்பந்தத்திலேயே, மழை வந்தால் லேசர் கிடையாது, லேசர்காரருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கழிவு இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இயக்குபவருக்கும் தைரியம் வரும்.

கடைசியாக, இப்படி ஒரு இடத்துக்குப் போய்விட்டு வந்தவர்களுக்கு. பளிச்சென்று ஒரு கதிர் நேராகக் கண்ணில் பட்டு, அதற்குப் பிறகு ஒரு புள்ளி சில நிமிடங்களில் மறையாமல் அப்படியே நின்றால் மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட நோட்டுத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அதையே பாருங்கள், அப்புறம் அடுத்த கண். கோடுகள் வளைந்தோ, உடைந்தோ, ஒரு இடத்தில் காணாமலோ போனால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சாதாரணக் கண்ணாடிக் கடைப் பரிசோதனை போதாது, விழித்திரையை விரிவாகப் பார்த்து, அதன் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், லேசர் பட்டது என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். எந்த விழா, எந்த நேரம், மேடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், என்ன நிறம் என்பதையும் எழுதி வையுங்கள், கூட வந்தவர்கள் போனில் எடுத்த வீடியோவை அழிக்கச் சொல்லாதீர்கள், கோடு முழுசாக இருந்ததா புள்ளி புள்ளியாக இருந்ததா என்று அதில் சில சமயம் தெரியும்.